சுவரொட்டியும் தணிக்கையும்: பழைய திரைப்படச் சுவரொட்டிச் சேகரிப்புக் குறித்த சில சிந்தனைகள்

திரைப்படத்தை ஆய்வுக்குரிய கலையென ஏற்றுக்கொள்வதற்கே நமது அறிஞருலகம் நெடுங்காலம் தயங்கிற்று. அத்தயக்கம் ஓரளவு நீங்கிய பின்னரும், திரைப்படத்தை மக்களிடத்து முதன்முதல் அறிமுகஞ்செய்யும் சுவரொட்டியைப் பற்றி எண்ணிப்பார்த்தோர் மிகச் சிலரே. பசை காயுமுன்னரே அடுத்த படத்தின் தாள் மேலே ஒட்டப்பட்டுவிடும் தெருக்களில் வளர்ந்த நமக்கு, அது பாதுகாக்கப்படவேண்டிய ஆவணம் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றாதது வியப்பன்று. ஆயினும், ஒரே திரைப்படம் நாட்டுக்கு நாடு எவ்வாறு வேறுபட்ட முகத்துடன் உலவியது, அவ்வேறுபாட்டை உண்டாக்கிய சமூக சக்திகள் யாவை என்பவற்றை அறிய விரும்புவோர்க்குச் சுவரொட்டியிற் சிறந்த சான்று அரிது. தணிக்கையாளரின் கத்தரி திரைப்படச் சுருளில் விட்டுச்செல்லும் அடையாளம் வெறும் இல்லாமை மாத்திரமே. சுவரொட்டியிலோ அந்தக் கத்தரி அச்சேறிய எழுத்தாகவும் வண்ணமாகவும் நிலைத்துவிடுகிறது.

இச்சான்றுகளை நமக்குக் காத்துத் தந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரல்லர், தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. இதனை நன்றியுடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டிலிருந்து சுவரொட்டி விநியோகத்தின் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த நஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்னும் நிறுவனம், அவற்றைத் திரையரங்குகளுக்கு வாடகைக்கே வழங்கியது. படம் முடிந்ததும் தாளைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமுங்கொண்ட அமெரிக்க ஒற்றைத்தாள் மடித்து அனுப்பப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கிழிந்து அழிவதே நியதியாயிருந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பழங்கடதாசிச் சேகரிப்பு இயக்கங்கள் எஞ்சியவற்றில் மிகப் பலவற்றைக் கூழாக்கின. எனவே இன்று அரியனவாய் மதிக்கப்படும் தாள்கள் அரியனவானது அவற்றின் கலைச் சிறப்பினாலன்று. அவை வெறும் நுகர்பொருளாய்ப் பிறந்தமையினாலேயே. பிறிட்ஸ் லாங்கின் 'மெற்றோபொலிஸ்' படத்துக்கு ஹைன்ஸ் ஷுல்ஸ்-நொய்டாம் வரைந்த சுவரொட்டியில் நான்கு பிரதிகளே எஞ்சியுள்ளனவென அறியப்படுகிறது. அவற்றுள் ஒன்று 2005இல் 6,90,000 டொலருக்கு விற்பனையாயிற்று. நிலத்தடியில் உழலும் தொழிலாளர் கிளர்ந்தெழுவதைக் காட்டும் ஒரு படத்தின் விளம்பரத்தாளுக்கு நேர்ந்த கதி இது. சரக்கின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் எழுதியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆனால் சேகரிப்பாளரை எள்ளி ஒதுக்குவது மார்க்சியரின் பணியாகாது. 1937இல் வால்ரர் பென்யமின், எட்வார்ட் ஃபூக்ஸ் என்னும் சோசலிசச் சேகரிப்பாளரைப் பற்றி நீண்ட கட்டுரையொன்று எழுதினார். அருங்காட்சியகங்கள் புறக்கணித்த கேலிச்சித்திரங்களையும் வெகுசனக் கலைப்பொருள்களையும் ஃபூக்ஸ் தேடித் தொகுத்ததன் வரலாற்று முக்கியத்துவத்தை அவர் அதில் உணர்ந்து பாராட்டினார். கூடவே ஃபூக்ஸின் வரலாற்று நோக்கிலிருந்த குறைகளையும் மறைக்காது சுட்டினார். நாமும் அவ்விரு கடமைகளையும் செய்தல் வேண்டும். சுவரொட்டிச் சேகரிப்பாளரின் அறிவு பெரும்பாலும் துல்லியமானது. தாளின் அளவு, மடிப்பு, அச்சகத்தின் பெயர், முதல் வெளியீடா மறு வெளியீடா என்பனவெல்லாம் அவர்க்கு அத்துப்படி. ஆயின் அவ்வறிவு ஈற்றில் விலையை நோக்கியே அமைகிறது. 'இது தணிக்கைக்குட்பட்ட வடிவம்' என்றவுடன் விலை ஏறும். யார் தணித்தார், எந்த வர்க்கத்தின் நலனுக்காகத் தணித்தார் என்ற வினா ஏல மண்டபத்தில் எழுவதில்லை.

இவ்வினாவை எழுப்பும்போது முதலிற் களையவேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. தணிக்கை என்றவுடன் அரசு, பொலிஸ், முத்திரை என்றே எண்ணுகிறோம். ஹொலிவூட்டின் வரலாறு வேறு. அங்கே 1930இல் ஏற்கப்பட்டு, 1934 முதல் யோசப் பிரீனின் மேற்பார்வையிற் கடுமையாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு விதிக்கோவை அரசாங்கச் சட்டமன்று. அது பட முதலாளிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. மாநிலத் தணிக்கைச் சபைகளும் கத்தோலிக்க அமைப்புகளும் கொடுத்த நெருக்கடிக்கு அஞ்சி, சந்தையைப் பாதுகாக்கும் பொருட்டே அவர்கள் இதனை மேற்கொண்டனர். விளம்பரங்களுக்கெனத் தனி விதிகளும் இருந்தன. ஹவார்ட் ஹியூஸின் 'தி அவுட்லோ' இதற்குத் தக்க சான்று. அப்படத்துக்கு முதலில் அனுமதி முத்திரை கிடைத்தது; 1943இல் சான்பிரான்சிஸ்கோவில் அது திரையிடவும்பட்டது. 1946இல் பரவலாக வெளியிடப்பட்டபோது முத்திரை மீட்டுக்கொள்ளப்பட்டது. இம்முறை குற்றம் படத்தின் மீதன்று. ஜேன் றசலின் உடலை முன்னிறுத்திய விளம்பரங்களை விதிக்கு மாறாக, அனுமதியின்றிப் பயன்படுத்தினார் என்பதே ஹியூஸ் மீது சுமத்தப்பட்ட குற்றம். அவர் வழக்காடித் தோற்றார். முத்திரையில்லாமலே படம் ஓடிப் பெரும் வருவாய் ஈட்டியது. அச்சுவரொட்டியை இன்று சேகரிப்போர் அதனைச் சுதந்திர வேட்கையின் சின்னமாகக் காட்டுவதுண்டு. ஒரு முதலாளி தன் கூட்டாளிகளின் ஒப்பந்தத்தை மீறி இலாபந் தேடிய நிகழ்ச்சிக்குச் சுதந்திரம் என்று பெயரிடுவது மிகையாகும்.

சந்தையே தணிக்கையாளராக மாறுவதை இதனினும் தெளிவாகக் காட்டுவது, யுத்தத்தின் பின் மேற்கு ஜேர்மனியிற் புழங்கிய அமெரிக்கப் படங்களின் வரலாறு. 'கஸபிளாங்கா' 1952இல் அங்கு வெளியானபோது ஏறத்தாழ 25 நிமிடங்கள் வெட்டப்பட்டிருந்தன. நாசிகள் படத்திலிருந்தே மறைந்துவிட்டனர். விக்டர் லாஸ்லோ என்ற எதிர்ப்பியக்கத் தலைவன், விசித்திரமான கதிர்களைக் கண்டுபிடித்த நோர்வேஜிய விஞ்ஞானியாக மொழிமாற்றத்தில் உருமாற்றப்பட்டான். 1975இலேயே ஜேர்மானிய மக்கள் முழுமையான வடிவத்தைக் கண்டனர். ஹிட்ச்கொக்கின் 'நொட்டோரியஸ்' அடைந்த மாற்றமோ சுவரொட்டியின் தலைப்பிலேயே பதிந்து கிடக்கிறது. பிரேசிலில் ஒளிந்திருக்கும் நாசிகள் யுரேனியத்தை மதுப்போத்தல்களிற் பதுக்கும் கதை அது. 1951இல் மேற்கு ஜேர்மனியில் அவர்கள் போதைப்பொருள் கடத்துவோராயினர், யுரேனியம் போதைப்பொருளாயிற்று, படத்தின் பெயர் 'வைஸெஸ் கிஃப்ட்', அதாவது 'வெள்ளை நஞ்சு' என்றாயிற்று. 1969இற் புதிய மொழிமாற்றத்துடன் மூலக்கதை மீண்டும் இடம்பெற்றபோது பெயரும் மாறியது.

'வெள்ளை நஞ்சு' என்ற அச்சுவரொட்டியைச் சேகரிப்பாளர் ஒரு வேடிக்கைப் பொருளாகவே காண்கின்றனர். நமக்கு அது ஒரு காலத்தின் கருத்துநிலை ஆவணம். நாசிகளின் குற்றத்தைத் திரையிற் காட்டினால் நுழைவுச்சீட்டு வாங்க ஆளிராது என்பதே விநியோகத்தரின் கணக்கு. பழைய நிர்வாகிகளும் நீதிபதிகளும் தொழிலதிபர்களும் மீண்டும் தத்தம் ஆசனங்களில் அமர்ந்துகொண்டிருந்த அடனோவரின் ஜேர்மனியில், அந்தக் கணக்கு அரசியற் சூழலோடு முற்றாகப் பொருந்திப்போனது. மறதி விற்பனைக்கு வந்தது. சுவரொட்டி அதன் விலைச்சீட்டாயிற்று. பிரங்கோவின் ஸ்பெயினில் 'மொகாம்போ' படத்தின் கணவன் மனைவியை, கள்ளக்காதலை மறைக்கும் பொருட்டு, உடன்பிறந்தோராக மாற்றிய தணிக்கையைக் கேட்டு உலகமே நகைத்தது. மேற்கு ஜேர்மானிய மாற்றங்களைக் கேட்டு நகைத்தோர் குறைவு. முன்னதைத் தூண்டியவை திருச்சபையும் சர்வாதிகாரமும். பின்னதைச் செய்தது 'சுதந்திரச் சந்தை'.

அமெரிக்காவிலே இதே சந்தை, பெயர்களைத் தணிக்கை செய்தது. இவ்விடத்து நம் நாட்டோடு தொடர்புடைய உதாரணமொன்று உண்டு. 'தி பிறிட்ஜ் ஒன் த றிவர் க்வாய்' 1957இல் வெளியான படம். களனி கங்கைக் கரையிலே கித்துல்கலையிற் படமாக்கப்பட்டது. அதன் விளம்பரங்களிலும் படத்திலும் திரைக்கதாசிரியர் என மூலநாவலை எழுதிய பியர் பூல் குறிக்கப்பட்டார். ஒஸ்கார் பரிசும் அவர் பெயருக்கே சென்றது. உண்மையிற் கதையைத் திரைக்கு அமைத்தோர் கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும். இருவரும் கம்யூனிச வேட்டையின்போது கறுப்புப் பட்டியலில் இடப்பட்டோர். அவர்களின் உழைப்பு அங்கீகரிக்கப்பட்டு அவர்கள் பெயருக்கு ஒஸ்கார் வழங்கப்பட்டது 1984இல். அப்போது இருவரும் உயிருடன் இல்லை. கித்துல்கலைக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்குப் பாலம் தகர்ந்த இடம் இன்றும் காட்டப்படுகிறது. படத்தை எழுதியோரின் பெயர் சுவரொட்டியிலிருந்து நீக்கப்பட்ட கதையை எடுத்துச் சொல்வோர் அரியர். அப்பெயர்களை நீக்குமாறு எந்தச் சட்டமும் பணிக்கவில்லை. முதலாளிகளின் கூட்டு உடன்பாடே போதுமானதாயிருந்தது.

இதுவரை கூறியவற்றை நம்மிற் பலர் மகிழ்ச்சியுடன் ஏற்பர். சோசலிச நாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சிலரின் முகம் மாறுவதுண்டு. எதிரியின் தணிக்கையை மாத்திரம் ஆராய்வது பிரசாரமேயன்றி விமர்சனமாகாது.

ஐஸன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' இருதரப்பினரின் கத்தரிக்கும் இரையான படைப்பு. 1925 டிசெம்பரில் மொஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில் அது முதன்முதற் காட்டப்பட்டது. றொட்சென்கோ, லவின்ஸ்கி ஆகியோர் அதற்குச் சுவரொட்டிகள் வரைந்தனர். 1929இல் ஸ்டென்பேர்க் சகோதரர் இன்னொன்று வரைந்தனர். பீரங்கிக் குழாய்களுக்கிடையிலிருந்து எழும் மாலுமியை நடுவில் நிறுத்திய லவின்ஸ்கியின் தாளில் நடிகரின் முகத்தை விற்கும் நோக்கம் கிஞ்சித்தும் இல்லை. வரலாற்றின் கூட்டு நாயகனே அங்கு முன்னிற்கிறான். பேர்லினிலோ 1926 மார்ச்சில் படம் தடைசெய்யப்பட்டது. ஏப்பிரிலில் வெட்டுகளுடன் அனுமதிக்கப்பட்டு, யூலையில் மீண்டும் தடைக்குள்ளாகி, அதே மாத இறுதியில் மேலும் வெட்டுகளுடன் வெளிவந்தது. இராணுவம் தன் வீரர்கள் அதனைப் பார்ப்பதைத் தடுத்தது. பிரித்தானியத் தணிக்கைச் சபை 1926இற் சான்றிதழ் மறுத்தது. 1954இலேயே 'எக்ஸ்' சான்றிதழுடன் அனுமதித்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அங்கே படக்கழகங்களும் தொழிலாளர் அமைப்புகளுமே அதனைத் திரையிட்டன. பிரித்தானிய வணிகத் திரையரங்குகளின் சுவர்களில் அப்படத்துக்கென ஒரு சுவரொட்டி ஏன் இடம்பெறவில்லை என்பதைச் சேகரிப்பாளரின் பட்டியல் கூறாது. இல்லாத தாளுக்கு ஏலத்தில் விலையில்லை. ஆராய்ச்சியாளருக்கோ அவ்வெற்றுச்சுவரே முதன்மையான ஆவணமாகும்.

இனி மறுபக்கம். 'பொட்டெம்கின்' படத்தின் தொடக்கத்தில் ட்ரொட்ஸ்கியின் வாசகமொன்று இடம்பெற்றிருந்தது. அவரது வீழ்ச்சியின் பின் அது நீக்கப்பட்டு லெனினின் வாசகம் பதிலீடு செய்யப்பட்டது. 2005இல் பேர்லினிற் புத்தாக்கஞ் செய்யப்பட்ட பிரதியிலேயே பழைய வாசகம் மீண்டும் இடம்பெற்றது. அதற்கு முன்னரே, 1924இல், லாங்கின் 'டொக்டர் மபூஸே' சோவியத் பார்வையாளருக்காக மீள்தொகுக்கப்பட்டு, 'பொன்முலாம் பூசிய அழுகல்' என்ற பெயரில் வெளியிடப்பட்டது. அத்தொகுப்பு வேலையில் எஸ்ஃபிர் ஷூப்புக்குத் துணைநின்றவர் இளைஞரான ஐஸன்ஸ்டைனே என்பது குறிப்பிடத்தக்கது. மேனாட்டுப் படத்தின் கதையைத் தலைகீழாக்கும் அம்மேசையில் அவர் தொகுப்பின் ஆற்றலை நேரிற் கண்டார் என்பதில் ஐயமில்லை. தணிக்கைக்குக் கற்பிக்கும் ஆற்றலும் உண்டென்று இதனைக் கொண்டு வாதிட நான் முனையவில்லை. கலைஞனின் வளர்ச்சிக்கும் அரசின் தேவைக்குமிடையேயுள்ள உறவு, நல்லவன் தீயவன் என்ற நாடகப் பாங்கில் அமைவதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

அந்த நாடகப் பாங்கு அதிகமாகக் கோலோச்சுவது போலந்துச் சுவரொட்டிகள் பற்றிய எழுத்துகளில்தான். யுத்தத்தின் பின் போலந்தின் திரைப்படத்துறை அரசுடைமையாயிற்று. ஹென்றிக் தோமஷெவ்ஸ்கி, எறிக் லிப்பின்ஸ்கி, ததேயுஷ் ற்றெப்கோவ்ஸ்கி முதலிய ஓவியர்கள் படச்சுவரொட்டி வரைய முன்வந்தபோது, நட்சத்திரங்களின் முகங்களை அடுக்கும் பழைய மரபைப் பின்பற்றமாட்டோம் என்றனர், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவுஷ்விட்ஸ் முகாமைச் சித்திரித்த 'இறுதிக் கட்டம்' என்ற படத்துக்கு ற்றெப்கோவ்ஸ்கி வரைந்த தாளில், கைதியின் கோடிட்ட உடைமீது முறிந்த மலரொன்று மட்டுமே உள்ளது. 1948இல் வியன்னாக் கண்காட்சியில் தோமஷெவ்ஸ்கி ஐந்து முதற்பரிசுகளைப் பெற்றார். 1949இற் சோசலிச யதார்த்தவாதம் அரச கொள்கையாகியபோது இவ்வளர்ச்சி குறுகியது. 1956இன் தளர்வின் பின் அது பெருகிப் பாய்ந்தது. ஃபங்கோர், லெனிட்ஸா, ஸ்வியெர்ஸி, ஸ்தரோவியேய்ஸ்கி, சியெஸ்லெவிச் எனப் பெயர்கள் நீளும்.

மேற்கத்திய ஏலப்பட்டியல்களும் அலங்கார நூல்களும் இவ்வளர்ச்சியை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுகின்றன: தணிக்கைக்குத் தப்ப ஓவியர்கள் மறைகுறிகளிற் பேசினர், ஒவ்வொரு சுவரொட்டியும் ஆட்சிக்கெதிரான இரகசியக் கடிதம். வாங்குவோருக்கு இவ்விளக்கம் இனிப்பானது. தாளுடன் ஒரு வீரக்கதையும் கிடைக்கிறது. சான்றுகளோடு ஒப்பிடும்போது இது நிற்பதில்லை. விக்தோர் கூர்க்கா 1973இல் 'கபரே' படத்துக்கு வரைந்த புகழ்பெற்ற தாளை எடுத்துக்கொள்வோம். காலுறையணிந்த கால்கள் சுவஸ்திகையாக வளைந்து நிற்க, நடுவே ஒரு முகம். லைசா மினெல்லியின் உருவத்தை முன்னிறுத்திய அமெரிக்க விளம்பரத்தைவிட இது படத்தின் உட்கருத்தை ஆழமாகப் பற்றிக்கொண்டது. ஆனால் பாசிச எதிர்ப்பு போலந்து அரசின் அதிகாரபூர்வமான கொள்கையன்றோ? இதில் மறைக்கவேண்டியது என்ன இருந்தது?

உண்மைக் காரணம் பொருளியல் அடித்தளத்திலேயே உள்ளது. போலந்தில் விநியோகம் அரசின் ஏகபோகம். படத்துக்குப் படம் போட்டியில்லை. சுவரொட்டி நுழைவுச்சீட்டை விற்றேயாகவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. ஓவியனுக்குக் கூலி வந்தது. அவனுக்கு மேலே விளம்பர முகாமையாளனோ, தன் பெயர் இத்தனை அங்குல உயரத்தில் வரவேண்டுமென ஒப்பந்தம் செய்த நட்சத்திரமோ இருக்கவில்லை. 'மொகாம்போ'வின் ஸ்பானியத் தணிக்கையும் 'வெள்ளை நஞ்'சின் சந்தைக் கணக்கும் ஓவியனிடமிருந்து எதைப் பறித்தனவோ, அதை இந்த உற்பத்தி உறவு அவனுக்கு ஒரு குறுகிய வட்டத்துள் வழங்கியது.

குறுகிய வட்டம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். 1946இல் நிறுவப்பட்ட அச்சு, வெளியீடு, அரங்க நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 1990இற் கலைக்கப்படும்வரை வார்சோவின் மிசியா வீதியிலிருந்து நாட்டின் அச்செழுத்தனைத்தையும் கண்காணித்தது. போலந்துச் சுவரொட்டிகள் பலவற்றின் கீழ்விளிம்பில் அச்சகக் குறிப்பு, பிரதிகளின் தொகை ஆகியவற்றுடன் தணிக்கையாளரின் குறியீடும் பொடியெழுத்திற் காணப்படும். சட்டமிட்டு மாட்டுவோர் சிலர் அவ்விளிம்பை மட்டையால் மறைத்துவிடுகின்றனர். அழகுணர்ச்சியிற் செய்வதாயினும் வரலாற்றறிவுக்கு இது பெருந்தீங்கு. ஓவியனின் கற்பனைக்கு இடமளித்த அதே ஏற்பாடு, எந்தப் படம் நாட்டுக்குள் வரலாம், எது பெட்டிக்குள் உறங்கவேண்டும் என்பதையும் தீர்மானித்தது. மேலே பறக்கும் கோடுகளும் கீழே அவ்வெண்ணும் ஒரே தாளின் பகுதிகள். சுவரொட்டியின் சுதந்திரத்தைக் காட்டி, தணிக்கை கடுமையானதன்று என வாதிட்ட தோழர்களும், தணிக்கையைக் காட்டி, சுவரொட்டி முழுவதும் கலகமே என வாதிடும் விற்பனையாளரும் அத்தாளை ஆளுக்கொரு பாதியாகக் கிழித்துக்கொள்கின்றனர்.

போலந்தில் 1959இல் 'ஹை நூன்' வெளியானபோது மரியன் ஸ்தகூர்ஸ்கி அதற்குச் சுவரொட்டி வரைந்தார். அப்படத்தின் கதாசிரியரும் நாம் மேலே கண்ட கார்ல் போர்மனே. 1951இற் படம் உருவாகிக்கொண்டிருக்கையில் அவர் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்திற் குடியேறினார். நகரத்தார் யாவரும் கைவிட, தனியே நிற்கும் காவலதிகாரியின் கதையில் அவர் தம் அனுபவத்தையே எழுதினார் என்பது நன்கறியப்பட்டது. கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டினால் துரத்தப்பட்டவரின் படைப்பு கம்யூனிச அரசொன்றின் சுவர்களில் இடம்பெற்றதில் வியப்பில்லை. வியப்பு முப்பதாண்டுகளின் பின் நிகழ்ந்தது. 1989 யூன் 4ஆம் திகதித் தேர்தலுக்காகத் தோமாஷ் சர்னெட்ஸ்கி, கரி கூப்பரின் அதே உருவத்தைக் கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குத்தாளுடனும் மார்பில் 'சொலிடாரிட்டி' சின்னத்துடனும் நிறுத்தினார். ஆட்சிக் கட்சியை வீழ்த்த உதவிய சுவரொட்டிகளில் அதுவே இன்று மிகவும் அறியப்பட்டது. தொழிற்சங்கமொன்று, தொழிலாளர் அரசெனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசுக்கெதிராக, அமெரிக்கக் கறுப்புப் பட்டியலுக்கு இரையான ஓர் இடதுசாரியின் நாயகனைச் சுவரிலேற்றியது. இம்முரணை விளங்கிக்கொள்ளாது இருபதாம் நூற்றாண்டின் கலைவரலாற்றை நாம் எழுதமுடியாது. ஏலப்பட்டியலில் அத்தாளுக்கு எழுதப்படும் குறிப்புகளில் போர்மனின் பெயரைக் காண்பது அரிது.

அத்தேர்தலின் பின் அரச விநியோக ஏகபோகம் முடிவுற்றது. அடுத்த ஆண்டு தணிக்கை அலுவலகமும் மூடப்பட்டது. அமெரிக்க விநியோகத்தர்கள் தங்கள் விளம்பரங்களை ஆயத்த வடிவில் அனுப்பத் தொடங்கினர். நட்சத்திரங்களின் முகங்கள் வார்சோவின் சுவர்களுக்குத் திரும்பின. மூத்த ஓவியர்கள் நாடகத்துக்கும் இசைநிகழ்ச்சிகளுக்கும் வரைந்தனர். பின்வந்த இளையோர் பழைய படங்களுக்குப் புதிய சுவரொட்டிகள் வரைந்து, எண்ணிட்ட சிறு பிரதிகளாக அச்சிட்டுக் காட்சிக்கூடங்களில் விற்கின்றனர். அவற்றின் கீழ்விளிம்பில் இப்போது தணிக்கைக் குறியீடு இல்லை. எத்தனையாவது பிரதி என்ற எண் மட்டுமே இருக்கிறது.